சேறு வந்தால் மூடும் கதவு: மஸ்கெலியாவுக்கு ஒரு வேலைப் பயணம்

இந்த முறை மலையகத்துக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மொழிபெயர்க்கப் போனேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையே பேச்சை மாற்றிச் சொல்வது என் தொழில். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் புதிய வழி கண்டுபிடிக்கும் பொது நீர் வழங்கல் பிரிவுகளுக்குப் போட்டி வைத்து நிதி கொடுக்கிறது ஒரு திட்டம். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை நேரில் பார்க்கப் போன நடுவர் குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். பெப்ரவரி மாதம், மழை இல்லாத காலம். போன இடம் மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு சின்ன டவுன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

நடுவர்கள் மறுநாள் வேனில் வருவதாக இருந்ததால் நான் முதல் நாளே ரயில் ஏறிவிட்டேன். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்று முன் கிளம்பும் பதுளை ரயில், ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றரை. அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். வளைவுகள் அதிகம் என்பதால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். முன் இருக்கையில் உட்காராதீர்கள். எஞ்சின் மூடிமேல் அடுக்கிய மரக்கறி மூட்டைகள் ஒவ்வொரு வளைவிலும் மடிக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை ஆட்டோ. ஓட்டுநர் முருகேசு போய்வர இரண்டாயிரம் ரூபாய் கேட்டார். காத்திருக்க எவ்வளவு என்றேன்.

"அதுக்கு ஒண்ணும் வேணாங்க அக்கா. நான் வண்டியிலயே ஒரு தூக்கம் போட்டுருவேன்."

தண்ணீர் எடுக்கும் இடம் தேயிலை மலைக்கு நடுவே, ஓடைக்குக் குறுக்கே கட்டிய ஒரு சிறிய அணை. ஆட்டோ போகும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏற வேண்டும். வேனில் வந்த நடுவர்களும் டவுன் சபைச் செயலாளரும் ஆட்டோ நின்ற இடத்தில் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அணையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் சுதர்ஷினி, அந்த டவுனின் நீர் வழங்கல் பிரிவுத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். முப்பது வயது இருக்கலாம். சேலைக்குக் கீழே கம்பூட்ஸ் போட்டிருந்தார்.

அவருடைய யோசனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்கணக்கில் பெய்த மழை இப்போதெல்லாம் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையின் மண் ஓடையில் இறங்கி, வடிகட்டியை அடைத்து, டவுன் குழாய்களில் செம்மண் கரைசலாக வருகிறது. சுதர்ஷினி அணையில் ஒரு உணர்கருவி பொருத்தியிருந்தார். தண்ணீர் கலங்கினால் குழாயின் வாயிலுள்ள இரும்புக் கதவு தானாக மூடிக்கொள்ளும். தெளியும்வரை டவுன் தன் பெரிய தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீரில் சமாளிக்கும்.

அன்றைக்கு வானம் நீலமாக இருந்தது, ஓடை கண்ணாடி மாதிரி ஓடியது. கதவு மூட வேண்டிய காரணமே இல்லை. "ஒரு வாளி மண்ணக் கொட்டிக் காட்டலாமே" என்றார் சபைச் செயலாளர். சுதர்ஷினி மறுத்துவிட்டார். "கீழ குடிக்கிறாங்க சார்." கருவியைக் கழற்றி, வாளியில் கலக்கிய சேற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். கதவு முனகிக்கொண்டு இறங்கி மூடியது. குழுத் தலைவர், ஓய்வுபெற்ற சிங்களப் பொறியியலாளர், கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

படங்கள், கேள்விகள், பிளாஸ்கில் தேநீர். கதவு மூடியபடியே இருந்தது. அப்போது கீழிருந்து ஒரு பெண் வெறும் கேனுடன் ஏறி வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பை இன்னும் முதுகில் தொங்கியது. பெயர் பாக்கியம்.

"என்னங்க மிஸ், பீலியில தண்ணி நின்னுருச்சு. மழ கூட இல்லியே?"

பீலி என்பது லயத்து மக்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், தண்ணீர் பிடிக்கும் இடம். டவுனுக்குப் போகும் குழாயிலிருந்தே அதற்கும் ஒரு கிளை பிரிகிறது, ஆனால் பீலிக்குத் தொட்டி கிடையாது. கதவு மூடினால் டவுனுக்குத் தொட்டித் தண்ணீர், லயத்துக்கு ஒன்றுமில்லை.

செயலாளர் என் பக்கம் சாய்ந்தார். "அத விட்டுருங்க மிஸ். அது வேற பிரச்சின."

சொன்னதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். குழுத் தலைவரிடம் சிங்களத்தில் சொன்னேன். மழை நேரத்தில் அவர்கள் அந்தக் கலங்கல் தண்ணீரை எடுப்பார்களா என்று அவர் கேட்டார்.

"தெளிய வச்சுப் பொழங்குவோம்" என்றார் பாக்கியம். "அதுவும் இல்லேன்னா ஆத்துலதான் எறங்கணும். போன மழையில என் தங்கச்சி மக அப்படி எறங்கி வழுக்கி விழுந்து கால ஒடச்சிக்கிட்டா."

சுதர்ஷினி கருவியை வாளியிலிருந்து எடுத்துக் கதவைத் திறந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியும் சார். நானும் லிந்துலையில லயத்துலதான் வளர்ந்தேன். பீலிக்கு ஒரு தொட்டி முதல் வரைவுல இருந்துச்சு. தொட்டி புதுமை இல்லன்னு எடுத்துட்டோம்" என்றார்.

தலைவர் நேர்மையான மனிதர். விதியை ஒளிக்காமல் சொன்னார்: புள்ளிகள் புதுமைக்குத்தான். தொட்டியைச் சேர்க்கலாம், ஒரு வாரம் அவகாசம் உண்டு. ஆனால் நிதிக்கு உச்ச வரம்பு இருப்பதால், சேறு வருவதை முன்கூட்டியே அறிய மேல் ஓடைகளில் வைக்க இருந்த கருவிகளைக் கைவிட வேண்டிவரும். அவைதான் விண்ணப்பத்தின் பலம்.

மாலையில் மஸ்கெலியா கடை ஒன்றில் சுதர்ஷினியும் நானும் வடை சாப்பிட்டோம். என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன்.

"தொட்டியப் போடப் போறேன் அக்கா. மார்க் கொறையும். செயலாளர் சார் என்னோட பேச மாட்டாரு."

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. நிலத்தடிக் குழாயில் கசிவைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை முன்வைத்த வேறொரு நகரம் வென்றது. நல்ல திட்டம், தகுதியான வெற்றி. சுதர்ஷினியின் பிரிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வென்றவருக்கு மட்டுமே பணம் என்னும் போட்டியில், தோற்றவர் ஊரிலும் அதே மழைதான் பெய்கிறது என்பதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்கால மண்சரிவுகளுக்குப் பிறகு ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாதைகள் காய்ந்திருக்கும், ஆனால் அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். மஸ்கெலியாவில் தங்குமிடம் குறைவு, ஹட்டனில் தங்குவது சுலபம். பீலியில் கை கால் கழுவ வேண்டுமானால் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள்.

போன மாதம் அடுத்த சுற்றுக்கான விண்ணப்பப் படிவம் மொழிபெயர்ப்புக்கு என்னிடம் வந்தது. புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: உங்கள் திட்டம் சரியாக இயங்கும்போது யாருக்குத் தண்ணீர் நின்றுபோகும்? படிவம் வெளியாகிச் சில நாட்கள் கழித்து சுதர்ஷினியைத் தொலைபேசியில் பிடித்தேன். மறுபடியும் போட்டியிடப் போவதாகச் சொன்னார். அந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"யாருக்கும் நிக்காதுன்னு எழுதினேன் அக்கா. அப்புறம் அழிச்சிட்டேன். ஞாயித்துக்கெழம லயத்துக்குப் போயி கேட்டுட்டுத்தான் எழுதணும்."