சிவப்பு வயிற்றுப் பொய் மீன்

மருமகன் எனக்கு ஒரு தூண்டில் பெட்டி கொடுத்தார். பதிலுக்கு என் மனைவியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு லாபம் என்று நான் அவரிடம் இதுவரை கேட்கவில்லை. நல்ல மனிதர். கேட்டால் சிரிப்பார், பிறகு மகளிடம் சொல்லி வருத்தப்படுவார்.

மகளுக்குக் குழந்தை பிறந்த சமயம் அது. "மூணு மாசந்தாங்க, புள்ளைக்குத் தலை நின்னதும் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி போனாள். குழந்தைக்குத் தலை நின்றது. பிறகு உட்கார்ந்தது, தவழ்ந்தது, நடந்தது. இப்போது போனைப் பிடுங்கி என்னை அதட்டுகிறது. மகளும் வேலைக்குப் போகிறாள், மருமகனும் வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். எல்லாம் நியாயம்தான். நியாயமான விஷயத்துக்குக் கோபப்பட முடியாது என்பதுதான் என்னுடைய கோபம்.

நான் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, எப்போது அடுப்புக்கு அனுப்புவது என்று மூக்கால் முடிவு செய்கிற வேலை. குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டினோம். சமையலறையை இந்தப் பக்கம் வை, ஜன்னலை அந்தப் பக்கம் வை என்று கொத்தனாரோடு சண்டை போட்டுக் கட்டியவள் என் மனைவிதான். அந்தச் சமையலறையில் அவள் சமைத்ததைவிட நான் சமைத்ததுதான் அதிகம்.

"நீங்களும் வந்து இருங்களேன்" என்று மகள் கூப்பிடத்தான் செய்தாள். போய் ஒரு மாதம் இருந்தேன். இரண்டு அறை வீடு. எனக்கு ஹாலில் பாய். காலையில் எல்லோரும் அவசரமாகக் கிளம்பும்போது, எந்தப் பக்கம் நின்றாலும் யாருடைய வழியிலாவது நின்றேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் வந்து இறக்கிவிட்டு எடுத்துப்போக மறந்த பார்சல் மாதிரி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். மருமகன் டுபாயில் இருந்தபோது தனக்காக ஆசைப்பட்டு வாங்கி, நேரமே கிடைக்காமல் வைத்திருந்தது. மூடியில் வாய் அகன்ற பச்சை மீன் ஒன்றின் படம். பாஸ் என்று பெயராம். அது நம் குளங்களில் கிடையாது. ஆக, இல்லாத மீனுக்காகச் செய்த பொய் மீன்கள் என் கைக்கு வந்து சேர்ந்திருந்தன.

உள்ளே ஒரு சந்தையே இருந்தது. கரண்டித் தலை போல் வளைந்த தகடு, ரப்பர் புழு, முள்ளை முதுகோடு மடித்து மறைத்து வைத்திருக்கும் ரப்பர் தவளை, எல்லாவற்றையும்விட அதிகமாக கிராங்க்பெய்ட். அது வயிறு புடைத்த பிளாஸ்டிக் மீன். தாடைக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா போட்டால் மிதக்கும். நூலைச் சுற்றி இழுத்தால் அந்த நாக்கு தண்ணீரைக் கடிக்க, மீன் குனிந்து உடம்பை உதறிக்கொண்டு கீழே போகும். நாக்கு நீளமென்றால் ஆழத்துக்குப் போகும், குட்டையென்றால் மேலோடு போகும். இவ்வளவையும் போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீடியோவில் பேசுகிறவர்கள் எல்லோரும் மீன் பிடிபட்டதும் குழந்தைகள் மாதிரி கத்தினார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் தொழில் புத்தியைக் காட்டினேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் பொய் மீன்களை வரிசையாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, தேயிலை சாம்பிள் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தேன். பளபளப்பு, வடிவம், வண்ணம் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். வெள்ளி நிறத்தில், நீள நாக்கோடு, கண் கூசுகிற மாதிரி இருந்த ஒன்று முதலிடம் பெற்றது. தலையில் வண்ணம் உரிந்து, மண் நிறத்தில், சிவப்பு வயிறும் குட்டை நாக்குமாக இருந்த ஒன்று கடைசி.

மொனராகலை பஸ்ஸில் பசறை வழியாக இறங்கிப் போனால், டவுனுக்கு முன்பே ஒரு குளம் இருக்கிறது. அணைக்கட்டு ஓரமாக மருத மரங்கள், ஒரு பக்கம் முழுக்கத் தாமரை, எருமைகள். மலையில் ஸ்வெட்டரோடு ஏறுகிற நான் அங்கே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு இறங்குவேன். முதலிடம் பெற்ற வெள்ளியை வீசினேன். அதன் நாக்கு இரண்டு ஆள் ஆழத்துக்குப் போகும். குளமோ என் இடுப்பளவு. இழுத்ததும் நேரே சேற்றுக்குள் போய், ஏதோ வேரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. தட்டில் இரண்டாம் இடம் பிடித்ததும் அதன் பின்னாலேயே போனது. வெளிச்சத்தில் பார்த்து நான் போட்ட மதிப்பெண்ணுக்கு அந்தக் கலங்கல் தண்ணீரில் ஒரு மதிப்பும் இல்லை. இத்தனை வருஷம் தேயிலையில் வெந்நீர் ஊற்றிப் பார்க்காமல் மதிப்பிடாதவன், மீனை மட்டும் தட்டில் வைத்து மதிப்பிட்டேன்.

தாமரைக்குள் தவளையைத்தான் போட வேண்டும். அதற்கு விரால் தண்ணீரைப் பிளந்துகொண்டு வரும், நெஞ்சு பதறும், ஆனால் பாதி நேரம் இலையைத்தான் கடித்துவிட்டுப் போகும். தாமரை முடிந்து வெளித் தண்ணீர் தொடங்குகிற விளிம்பில்தான் அந்தக் கடைசி இடத்துக்காரனுக்கு வேலை. குட்டை நாக்கு கட்டையில் இடித்தாலும் தாண்டிக்கொண்டு வரும். இடித்ததும் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். அது மெதுவாக மேலே மிதந்து வரும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் விரால் எடுக்கும். இதை எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை. நான் அலுத்துப்போய், இழுப்பதை விட்டுவிட்டு வெற்றிலைப் பையைத் தேடிய நேரத்தில் தெரிந்துகொண்டது.

முதல் விராலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு, அவள் செய்கிற மாதிரியே குழம்பு வைத்தேன். ருசி வந்தது. அடுத்த நாளும் அதுவே, அதற்கடுத்த நாளும் அதுவே. கடைசியில் சட்டியோடு கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு பிடிக்கிற மீனை முள்ளை எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். உயிர் மேல் பெரிய கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு விரால் அதிகம்.

பதுளை மார்க்கெட் பக்கம் வலையும் நைலோன் நூலும் விற்கிற முஸ்லிம் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு இது தெரியும். நூல் வாங்கப் போனால், முதலில் என் பையை எட்டிப் பார்ப்பார்.

"என்ன டீமேக்கரையா, இன்னைக்கும் புடிச்சுட்டு விட்டாச்சா?"

"ஆமா நானா."

"பஸ்ஸுக்கும் காசு குடுத்து, வெயிலயும் குடிச்சு, மீனயும் விட்டுட்டு வாரீங்க. தேத்தண்ணிய வாயில ஊத்திப் பாத்துட்டுத் துப்புற ஆளுதானே நீங்க. பழக்கம் போகாது."

சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மனைவி தினமும் சாயங்காலம் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே பொய் மீன்களைப் பற்றிச் சொல்வேன். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் எது, தெளிந்திருந்தால் எது, இன்றைக்குச் சிவப்பு வயிறு எப்படி உதறியது என்று. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும், குழந்தை கத்தும். "ம்" என்பாள். "நீ எப்ப வர்ற?" என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயம்.

ஆனால் வருஷத்தில் ஒரு தடவை நான் கேட்காமலே அவள் வருவாள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பவள். மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டைக் கோத்துப் பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டால், தேர் முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை அந்தப் பாலம். வீட்டில் கவிச்சி கூடாது, தனிச் சமையல். போன வருஷமும் வந்தாள், கட்டினாள், அத்தனை நாளும் அவளால் எங்கும் போக முடியவில்லை. மருமகன் கூப்பிட்டாலும் கொழும்பே கூப்பிட்டாலும் போக முடியாது. அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

இந்த வருஷமும் வந்தாள். வீட்டைக் கழுவி வைத்திருந்தேன். தூண்டில் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போனோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் பின்னால் தூணோரமாக நின்றாள்.

"அம்மா, வாங்க, முதல்ல உங்களுக்குத்தானே" என்றார் பூசாரி.

"இந்த வருஷம் வேணாங்க சாமி. புள்ளைக்கு ஏதும் சொகமில்லன்னா ஒடனே போக வேண்டி வரும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள்.  உடனே நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன். டீமேக்கராக இருந்தபோது திருவிழாச் சமயம்தான் கொழுந்து வந்து குவியும், நான் ஒருநாளும் காப்புக் கட்டியவன் இல்லை. பூசாரி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டினார். யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "ஏங்க திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் காப்புக் கட்டுவாங்களா?"

 காப்புக் கட்டின ஆளுக்குச் சுத்தமாகச் சமைத்துப் போட வீட்டில் ஒருவர் வேண்டும். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது என்று கணக்குப் போட்டுத்தான் கையை நீட்டினேன். அவளுக்கு அது புரிந்திருக்கும். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள்.

மறுநாள் குத்துவிளக்கைத் தேடி அலுமாரி மேலே கையை விட்டவள், பெட்டியை இறக்கிவிட்டாள். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல எதுங்க அந்தச் செவப்பு வயிறு?"

குக்கர் விசிலுக்கு நடுவில் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.  எடுத்துக் காட்டினேன்.

"இதைப் புள்ளைக்குக் கொண்டு போறேனே. குளிக்கிறப்ப வெளையாடுவான். தாத்தா ஞாபகம் இருக்கட்டும்."

வேறு எதையாவது எடு என்று சொல்ல வாயெடுத்தேன். மினுங்குகிறது எத்தனையோ இருந்தது. சொல்லவில்லை. குறட்டை எடுத்து வந்து, வயிற்றிலும் வாலிலும் தொங்கிய கொக்கிகளைக் கழற்றினேன். முனை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். முள் இல்லாமல் அது ஒரு பொம்மையாகிவிட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல். மகளின் குரல் எனக்கும் கேட்டது. தேருக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் எனக்குச் சோறு போட்டாள், அடுப்பைக் கழுவித் துடைத்தாள், பருப்பையும் காய்கறியையும் எங்கே வைத்திருக்கிறாள் என்று காட்டினாள். பிறகு துணிகளைப் பையில் அடுக்கினாள்.

காலையில் பாலம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தின் இந்த முனையில் நான் நின்றுவிட்டேன். அவள் என் கையிலிருந்த நூலைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "நீ இனி இங்க வந்து இருக்க மாட்டியா?"

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் எப்பிடிங்க? அதுக்குள்ள அடுத்தது ஒண்ணும் வருதாம். மக சொல்ல வேணாம்னா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "திருவிழாவுக்கு வருவேங்க. காப்பு மட்டும் கட்ட மாட்டேன்."

"சரி, போயிட்டு வா" என்றேன்.

"வேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டினாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கையை நீட்டி ஆட்டினாள். நூல் இல்லாத வெறுங்கை. நான் கட்டிய கையைத் தூக்கி ஆட்டினேன். அவளைக் கொழும்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கலாம், பதுளை ஸ்டாண்ட் வரைக்குமாவது போயிருக்கலாம். நானாக நீட்டிக் கட்டிக்கொண்ட நூல், பாலத்துக்கு இந்தப் பக்கமே என்னை நிறுத்திவிட்டது.

பஸ் வளைவில் மறைந்தபிறகு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஒரு ஆளுக்கு அரிசி அளந்து உலை வைத்தேன்.