மூஞ்சி வராத படம்

வேப்பந்தட்டைப் பக்கம் மழை தொடர்ந்து பொய்த்த காலம் அது. போர்க் குழாயில் காற்றுதான் வந்தது. ஓடை மணலில் ஊற்றுப் பறித்து, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவோம், அம்மாவும் நானும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

அப்படி அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக எங்கள் இருவரையும் படம் எடுத்துவிட்டார். அம்மா பதறிப்போனாள்.

"தம்பி, மூஞ்சி வராம எடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை திருமானூர்லேர்ந்து இவளைப் பொண்ணு பாக்க வராங்க. கொள்ளிடத்துக் கரைக்காரங்க. நாங்க மண்ணைத் தோண்டுறதப் பேப்பர்ல பாத்தா, வூட்டுப் படி ஏறுவாங்களா?"

"மூஞ்சி இல்லாட்டி ஆபீஸ்ல போட மாட்டாங்கக்கா. படம் வந்தாத்தானே ஊருக்குத் தண்ணி லாரி வரும்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கோ தண்ணீரும் வேண்டும், மாப்பிள்ளையும் வேண்டும். நடுவில் நந்தி மாதிரி அந்தக் கேமரா.

கொஞ்சம் யோசித்தவர் மணலில் குப்புறப் படுத்தார். குழிக்குள் நீண்ட என் கையையும் கொட்டாங்கச்சியையும் மட்டும் எடுத்தார்.

"எப்பவும் பிலிம் ரோலைத் திருச்சி பஸ்ல குடுத்துவுட்டுடுவேன். அங்க கழுவி, பிடிச்சதைப் போட்டுக்குவாங்க. இன்னிக்கு நானே கொண்டுபோயி, கைப் படத்தைத்தான் போடணும்னு சொல்றேன். பயப்படாதீங்கக்கா."

சொன்னபடி செய்வார் என்று யார் கண்டது? அப்பா தினமும் டீக்கடையில் பேப்பரைப் புரட்டிவிட்டு வருவார். வெள்ளிக்கிழமை காலை மட்டும் போக நேரமில்லை.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா, அதாவது பின்னாளில் என் மாமனார், கையில் பேப்பரோடு வந்தார். பஸ்ஸில் படித்தாராம். உட்கார்ந்ததும் விரித்துக் காட்டினார். பெரிதாக என் கை. கை மட்டும்தான். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அடுத்த வாரமே தண்ணீர் லாரியும் வந்தது. அந்தப் புகைப்படக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சாமி கும்பிடும்போது, பெயர் தெரியாத அவரையும் இன்றுவரை சேர்த்துக்கொள்கிறேன்.

"இந்தப் பக்கம்தானாம். பாருங்க, யாரு பெத்த புள்ளையோ, பாவம்," என்றார் மாமனார் அன்றைக்கு, படத்தைக் காட்டி.

"பாவம்தாங்க," என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள்போல.

நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். விடியற்காலையில் அள்ளி வந்த அதே ஊற்றுத் தண்ணீர். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

"தண்ணி இளநி மாதிரி இருக்கும்மா. இன்னொரு சொம்பு குடு."