எஸ்தர் அக்கா வெட்டிய கல்யாண கேசட்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். காலையில் பழைய ஸ்டுடியோ வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்.

"நம்ம கடையில் டைட்டில் டைப் அடித்த எஸ்தர் காலமானார்" என்று முதலாளி போட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்...

டைட்டில் டைப் அடித்தவராம்! படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை அது. நான் கேமரா. என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, உள்ளறையில் இரண்டு விசிஆர்களுக்கு முன்னால்.

ஒன்றில் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் மற்றதில் ஏற்ற வேண்டும். எடிட்டிங் என்றால் அவ்வளவுதான் எங்களுக்கு. ரெக்கார்ட் அமுக்கினால் டேப் கொஞ்சம் பின்னால் போய்விட்டுத்தான் பதியும். முந்தைய ஷாட்டின் கடைசி அழிந்துவிடும். அந்த ஷாட் முடிந்து இரண்டு எண்ணிவிட்டு அமுக்கினால் சரியாக வரும் என்று பழைய கேசட்டுகளைப் பாழாக்கிப் பாழாக்கிக் கண்டுபிடித்தவர் அக்கா. யாரும் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் போட்டால் அவர் மடியில் நோட்டு, எதிரே அலாரம் கடிகாரம். எந்த நிமிஷத்தில் கதை திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே பார்ப்பார்.

"பத்து நிமிசத்துக்குள்ள அந்த ஆளு எதுக்கு ஓடுதான்னு தெரியணும்லே. தெரியலன்னா நான் வெங்காயம் உரிக்கப் போயிருவேன்" என்பார். திங்கட்கிழமை அந்த நோட்டை வைத்துக்கொண்டு, டீ ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் சண்டை போடுவோம்.

அப்போதுதான் சீவலப்பேரிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டுப் பந்திக்கு ஓடினேன். நிறுத்த மறந்துவிட்டேன். பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் பெண்ணின் அப்பா தனியாக வந்து உட்கார்ந்து, புதுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். யாரோ கூப்பிடவும் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்து போகிறார்.

"அழிச்சிருங்கக்கா, மொதலாளி பாத்தா என்னையக் கொன்னுருவாரு" என்றேன்.

"உனக்குக் கிறுக்கா லே? இதாம்லே கதை!"

வாடிக்கையான மூன்று மணி நேர கேசட்டைத் தனியாக முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரங்களில் நாற்பது நிமிஷத்துக்கு இன்னொன்று வெட்டினார். பூவுக்குள் முகம் சுற்றும் வழக்கமான வித்தையெல்லாம் கிடையாது. முதல் ஷாட்டிலிருந்து அந்த அப்பா ஓடி ஓடி எல்லோரையும் சிரித்துச் சிரித்து வரவேற்கிறார். பெண்ணை வழியனுப்புவதற்குச் சற்று முன்னால்தான் அந்த அழுகை.

எல்லா கேசட்டிலும் கடைசியில் முதலாளி பெயரை அடிக்கும் இடத்தில், அதில் மட்டும் அக்கா தன் பெயரை அடித்திருந்தார்.

கேசட் வாங்க வந்த பெண்ணின் அப்பா, கடை டிவியில் இது ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். தான் அழுவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி... இத யாரு செஞ்சா?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றார் முதலாளி. கூசாமல்! கடைசி வரி வருவதற்குள் நிறுத்தியும்விட்டார்.

அக்கா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நானும்தான்.

பெண்ணின் அப்பா போனதும் என்னிடம், "டைட்டில் அடிக்கிற பிள்ளைக்கு எதுக்குலே பேரு? அழிச்சிரு" என்றார் முதலாளி.

அந்த கேசட்டைத்தான் வருஷக்கணக்கில், வருகிற பார்ட்டிகளுக்கெல்லாம் "நம்ம வேலை" என்று போட்டுக் காட்டி ஆர்டர் பிடித்தார். இன்றைக்கு என்னடாவென்றால், டைப் அடித்தவராம்.

முதலாளியைத் திட்டுவது சுலபம். அந்தப் பெயர்மேல் வெறும் கறுப்புத் திரையை ஏற்றி அழித்தது நான்தானே... வேலை போய்விடும் என்று பயம். வேறென்ன சொல்ல?

பட்டனில் விரல் வைத்தபோது பின்னாலிருந்து அக்கா குரல்.

"ஏலே, ரெண்டு எண்ணிட்டு அமுக்கு. இல்லன்னா கடைசி ஷாட்டத் தின்னுரும்."

எண்ணினேன். ஷாட் தப்பித்துவிட்டது.

இதை குரூப்பிலும் போட்டிருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டார்.

படத்தொகுப்பு: எஸ்தர்.

போய் வாங்கக்கா...