கோழிகளுக்கு வைத்த தண்ணீர்

என் கணவர் மவுத்தாகி அடக்கமான பிறகுதான், அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் என் காதுக்கு வந்தது.

யுத்தம் முடிந்த பின் பல்கலைக்கழகத்து மிஸ் ஒருவர், மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்த எங்களைப் பற்றி எழுத வந்தார். கணவர் விறாந்தையில் அவரோடு கதைத்தார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த பிறகு, மகள் அந்தக் கட்டுரையைப் போனில் கண்டுபிடித்தாள். தொடக்கம் மட்டும் தெரிந்தது. மிச்சத்துக்கு டொலரில் காசு கேட்டது.

"வாப்பாட கதைக்கு நாங்களே காசு கட்டணுமா உம்மா?" என்று பொரிந்துவிட்டு மிஸ்ஸுக்கு எழுதினாள்.

முழுக் கட்டுரையும் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை மகள் தமிழில் சொன்னாள்:

"ஊரை விட்டு வெளிக்கிடுற அவசரத்திலயும் மனிசி கோழிக்கூட்டைத் திறந்து சட்டியில தண்ணி வெச்சா. நான் ஏசிட்டன். அந்த ஏச்சு இன்னும் என்ட நெஞ்சில கெடக்கு மிஸ். அவகிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு."

நான் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு மிஸ்ஸே போனில் பேசினார். "உம்மா, இதை எல்லாரும் சும்மா வாசிக்கிற மாதிரி இணையத்தில போடலாம். உங்கட வீட்டுக் கதை. போடவா?"

"வாப்பாட வெக்கம் இனி உலகம் முழுக்க!" என்று மகள் சிரித்தாள். எனக்கும் கூச்சம்தான். ஆனால் போனவருக்கு நான் வேறென்ன கொடுக்க முடியும்?

"போடுங்க மகள். வாசிக்கிறவங்க அவருக்கு ஒரு துஆ செஞ்சாப் போதும்" என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

அந்த ஏச்சை நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லக் கிடைக்கவில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, அதை அல்லாஹ்விடம் சொல்லிவிடுகிறேன்.