என் மகள் பாழாக்காத பிலிம் சுருள்

ஒரு படம் யாருடையது? அதைக் கண்டுபிடித்த கண்ணுடையதா, பொத்தானை அழுத்திய விரலுடையதா? ஏழு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்... விடை தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான். என் தோழி எஸ்தரின் கழுவாத பிலிம் சுருளை நான் வேண்டுமென்றே வெயிலில் இழுத்துப் பாழாக்கினேன். பழியை என் இரண்டு வயது மகள்மேல் போட்டேன். இன்றுவரை அது அவள்மேல்தான் இருக்கிறது.

நீங்களும் தாயாக இருந்தால் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எஸ்தரும் நானும் ஆசிரியர் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் மணமாகிப் பக்கத்திலேயே மண்ணூருக்கு வந்தேன். அவளிடம் ஒரு கேமரா இருந்தது. என் வீட்டில் ஜன்னலே இல்லாத, நெல் மூட்டை போடும் அறை ஒன்று இருந்தது. கதவிடுக்கில் கம்பளியைச் செருகிவிட்டால் பகலிலேயே கும்மிருட்டு. அங்கேதான் இருவரும் பிலிம் கழுவக் கற்றுக்கொண்டோம்.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நேரே இங்கே வருவாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் படம் எடுக்கக் கிளம்புவேன். இடுப்பில் குழந்தை இருக்கும்போது கேமராவைப் பிடிக்க முடியுமா? அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. "மண்டி போடுடி, இன்னும் கீழ... அந்தம்மா திரும்பட்டும்... இப்ப" என்று நான் சொல்வேன். அவள் அழுத்துவாள்.

அப்போது ஊருக்கு வெளியே புதிதாக ஒரு கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழுந்துகொண்டிருந்தது. பாதி எழும்பிய சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. சுவரின் மேலாக ஓர் ஆட்டுக்குட்டி கைமாறிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் நான். எங்கே நிற்க வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று சொன்னவளும் நான்.

மெட்ராஸில் சில இளம் ஓவியர்களும் படம் எடுப்பவர்களும் சேர்ந்து, ஓர் அச்சகத்தின் மாடியில் தங்கள் படைப்புகளைத் தாங்களே மாட்டி வைப்பார்கள். பெரிய கண்காட்சிக் கூடங்கள் எதுவும் அவர்களுக்கு இடம் தரவில்லை. துணி உலர்த்தும் கிளிப்பில் படம். அடியில் எடுத்தவர் பெயர். எஸ்தர் எங்கள் படத்தை அங்கே கொடுத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பேருந்து மாறிப் போய்ப் பார்த்தேன்.

ஆட்டுக்குட்டிப் படத்தைச் சுற்றித்தான் கூட்டம். அடியில், எஸ்தர். அவ்வளவுதான்.

தாடி வைத்த ஒருவர் அவளிடம், "இந்த நிமிஷத்துக்கு எவ்ளோ நேரம் காத்துகினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப நேரம்" என்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை...

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "எம்பேரு எங்கடி?"

"மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், எம்பேரெல்லாம் வாணாம்னு நீதானடி சொன்ன?"

"அது எப்பவோ சொன்னது."

"அது எனக்கு எப்டித் தெரியும்? அழுத்துனது நான்தான? ஆட்டுக்குட்டி பேரக்கூடத்தான் போடல." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதனால் அவள் செய்தது சரியாகிவிடுமா?

அடுத்த கண்காட்சிக்கு ஐந்து படங்கள் கேட்டிருந்தார்கள். எஸ்தருக்கென்றே ஒரு சுவர் முழுதும். மூன்று வாரம் தனியாகப் போய், சுவர் கட்டும் பெண்களை எடுத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கழுவ மட்டும் என்னிடம் கொண்டுவந்தாள். "நாளைக்கு சாயந்தரம் வரேன்டி, கழுவி வை."

மறுநாள் நண்பகல் மாமியார் உறங்கிக்கொண்டிருந்தார். இருட்டறைக்குப் போகத்தான் சுருளைக் கையில் எடுத்தேன். பிறகு ஏன் கொல்லைப்புறம் நடந்தேன்? துவைக்கும் கல்லருகே நின்று, மூடியை நெம்பித் திறந்து, முழு நீளத்துக்கும் இழுத்தேன். வெளிச்சம் பட்டுப் படம் அழிவதைக் கண்ணால் பார்க்க முடியாது, தெரியுமா? எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும்...

மகள் ஓடி வந்து கை நீட்டினாள். கொடுத்தேன். கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடினாள்.

எஸ்தர் வரும்வரை அதை அவளிடமிருந்து நான் வாங்கவில்லை. சரியான நிமிஷத்துக்குக் காத்திருக்க எனக்குத் தெரியுமே.

"பாப்பா இழுத்துட்டாடி" என்றேன்.

எஸ்தர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த மாமியார், "எது கெடச்சாலும் இழுக்கறியே, கையாடி இது?" என்று குழந்தையின் புறங்கையில் இரண்டு போட்டார். குறுக்கே கை நீட்டித் தடுத்தவள் எஸ்தர். "வுடுங்கம்மா, கொழந்தைக்கு இன்னா தெரியும்?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுபடி எடுக்கலாம் என்றால், சுவர் முடிந்து அந்தப் பெண்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். எஸ்தருக்கு வைத்திருந்த இடத்தில் வேறு யாரோ மாட்டினார்கள். பிறகு அவளை யாரும் அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் டம்ளர் உடைந்தால்கூட, "பிலிம் இழுத்த கையாச்சே" என்று அவள் அப்பா வேடிக்கையாகச் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் கேட்காமல் எதையும் தொட மாட்டாள். பள்ளியில் களிமண்ணைக் கொடுத்துப் பொம்மை செய்யச் சொன்னபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம்.

சென்ற வாரம் எஸ்தர் வந்திருந்தாள். இப்போது அரக்கோணத்தில் வேலை. தன் கேமராவை என் மகளிடம் நீட்டினாள்.

"வாணாம் ஆன்ட்டி. நான் கெடுத்துடுவேன்."

எஸ்தர் அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அது போனா போவுது கண்ணு. நான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் என் மகள்.

செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்... நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறையில் மறுபடி வருவதாக எஸ்தர் சொல்லியிருக்கிறாள், மகளுக்குப் படம் எடுக்கக் கற்றுத்தர. எஸ்தர் என்னை வெறுத்தால் தாங்கிக்கொள்வேன். அந்த "ரொம்ப நேரம்" என்ற சொல்லை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவள் மட்டும் என்னை ஏன் மன்னிக்க வேண்டும்? ஆனால் மகள்? தன்னை அடி வாங்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் தன் தாய் என்று இந்த வயதில் அவள் அறிய வேண்டுமா? அறியாமல் வளர்ந்தால் அது இன்னும் பெரிய கொடுமையா?

வாசகிகளே, என்னைத் தேற்ற வேண்டாம். திட்டுவதென்றால் திட்டுங்கள். எஸ்தரிடம் சொல்ல எனக்கு எப்படியாவது வார்த்தை கிடைத்துவிடும். ஒன்பது வயதுக் குழந்தையிடம் இதை எந்த வார்த்தையில் தொடங்குவது? உங்களில் யாருக்காவது தெரிந்தால், விடுமுறைக்கு முன் எழுதுங்கள்.