கோழிக்கு ஊசி போட்ட வருஷங்கள்

கோழிக்கு ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை. கோழி வைத்திருப்பவருக்குப் பதில் சொல்வதுதான் வித்தை. அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். கழிச்சல் நோய் வருவதற்கு முன்னால் கோழிகளுக்கு ரெக்கைக்குக் கீழே தடுப்பூசி போடவேண்டும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வைத்து, சைக்கிளில் தொங்கவிட்டு, விடிந்தும் விடியாமல், கோழிகளைத் திறந்துவிடுமுன் ஊர் போய்ச் சேருவேன். வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு சொல்லாமலே புரியும். இல்லாதவர்களும் எப்படியும் ஒருநாள் வாங்கத்தான் போகிறீர்கள், படித்து வையுங்கள்.

விருந்தாடி

வேடசந்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். முதல் வீடு பேச்சியம்மாள் வீடு. வாசலில் பெரிய பஞ்சாரக் கூடை கவிழ்த்திருந்தது. அதன்மேல் ஒரு பழஞ்சேலை போர்த்தியிருந்தது. "எங்க வீட்ல கோழி கெடையாது தம்பி" என்றார். நின்ற இடமெல்லாம் கோழி எச்சம். ஊர் முழுக்க அன்றைக்கு ஒரே பேச்சு: ஊசி போட்டால் முட்டை நின்றுபோகும், கறி கசக்கும்.

அதெல்லாம் அறியாமை என்று நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேலைக்குள்ளிருந்து சேவல் கூவியது. நான் கூடையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எங்க தங்கச்சி வீட்டுச் சேவல் தம்பி. விருந்தாடி வந்திருக்கு."

முத்துச்சாமியின் கேள்வி

அந்த ஊரில் அன்றைக்கு மனம் இளகியவர் எதிர்வீட்டு முத்துச்சாமி ஒருவர்தான். ஏழு கோழியையும் தானே பிடித்துக் கொடுத்தார். எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலையில் மாட்டாஸ்பத்திரி வாசலில் அவர் சைக்கிள் வந்து நின்றது. ஹாண்டில்பாரில் மூன்று கோழிகள் தலைகீழாகத் தொங்கின. ஒன்றிலும் உயிர் இல்லை. அவற்றை டாக்டரின் மேஜைமேல் வரிசையாகக் கிடத்தினார். டாக்டர் பொறுமைசாலி. ஊசி போடுவதற்கு முன்னாலேயே நோய் உள்ளே போயிருந்தால் மருந்தால் ஒன்றும் செய்யமுடியாது என்று விளக்கினார். முத்துச்சாமி முழுக்கக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நோய் உள்ள போயிருச்சுன்னா, ஊசிய வெளிய வச்சிருக்க வேண்டியதுதான கம்பவுண்டரு?"

பத்து நாள் கழித்து

அந்த ஊரில் கழிச்சல் பரவிவிட்டது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் டாக்டர். அடி விழும் என்ற பயத்தோடுதான் போனேன். தெருவில் ஒரு சேவல் சத்தம் இல்லை. முத்துச்சாமியின் மிச்ச நாலு கோழிகள் மட்டும் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

பேச்சியம்மாள் பஞ்சாரத்தைக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். பதினோரு கோழியும் போய்விட்டன. அந்த வீட்டில் காடு மாமனார் பேச்சைக் கேட்கும், மாடு புருஷன் பேச்சைக் கேட்கும். அவர் பேச்சைக் கேட்டது கோழிகள்தான். முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு ஒரு சிலேட்டு, தனக்கு ரெண்டு வளையல் என்று யாரையும் கேட்காமல் வாங்குவாராம். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் குரல் ஏறவே இல்லை.

"அன்னைக்குக் கோழி இல்லைன்னு பொய் சொன்னேன் தம்பி. இன்னைக்கு நெசமாவே சொல்றேன்."

துரைசானி

டவுனில் கனி ராவுத்தர் என்று ஒரு தோல் வியாபாரி. கோழி வளர்ப்பைப் பற்றி எதையோ படித்துவிட்டு, வெள்ளைவெளேரென்று பத்துச் சீமைக்கோழி வாங்கிக் கம்பிக்கூண்டு கட்டிவிட்டார். ஊசி போடப் போனால் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடக்கும். "நம்ம நாட்டுக்கோழி படிக்காத கோழிப்பா" என்பார். வீட்டில் இருந்த பழைய கோழிகளையெல்லாம் அறுக்கச் சொல்லிவிட்டார். அவர் மனைவி ஜைனம்பு அம்மா ஒரே ஒரு கறுப்புப் பெட்டையை மட்டும் அடுப்படிப் பக்கம் மறைத்துவைத்துக் காப்பாற்றினார்.

சீமைக்கோழி முட்டை இட்டது, வாஸ்தவம். குஞ்சு எடுக்கலாம் என்று அடை வைத்தால் உட்கார மறுத்துவிட்டது. ராவுத்தர் வைக்கோல் மாற்றினார், கூண்டுக்குத் திரை போட்டார், கோழியின் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார். அது எழுந்து போய்க்கொண்டே இருந்தது. அடுத்த தடவை நான் போனபோது கறுப்புப் பெட்டையின் பின்னால் எட்டு வெள்ளைக் குஞ்சுகள் ஓடின. ராவுத்தர் கணக்குப்பிள்ளையோடு ரொம்ப மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்; அன்றைக்கு எனக்குப் பாடம் இல்லை. ஜைனம்பு அம்மா எனக்கு டீயை நீட்டினார்.

"துரைசானி பெத்துப் போட்டுருவா தம்பி, வளக்குறதுக்கு நம்மள மாதிரி ஒரு ஆயா வேணும்ல."

என் வீட்டுப் பெட்டை

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன தைரியத்தில் நானும் ஒரு செவலைப் பெட்டை வாங்கினேன். வந்த நாளிலிருந்து ஒழுங்காக முட்டை வைத்தது. ஆபீசில் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. ஊசி போடும் பருவம் வந்ததும் என் கையாலேயே போட்டேன். மறுநாள் அது மூலையில் குன்றி உட்கார்ந்தது. அந்த வாரம் முழுக்க முட்டை இல்லை. மருந்து சரியில்லை, ஐஸ் போதவில்லை, இந்த ஊசியே தண்டம் என்று நான் கூடத்தில் நடந்துகொண்டு கத்தினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கமலா தலையை நிமிர்த்தவில்லை.

"ஊசி போட்டா முட்டை நிக்கும்னு அந்தப் பேச்சியம்மா சொன்னா அறியாமை. நீங்க சொன்னா அதுக்கு என்ன பேருங்க?"

பத்தாம் நாள் முட்டை வந்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், "எட்டுப் பத்து நாள் முட்டை நிக்கும், பொறுத்துக்கங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆச்சரியம் என்னவென்றால், அப்படிச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் என்னை நம்ப ஆரம்பித்தார்கள்.

ரெக்கைக்குக் கீழே

இரண்டு வருஷம் கழித்துப் பேச்சியம்மாள் ஊருக்குப் போனேன். முத்துச்சாமி கொடுத்த முட்டைகளை அவர் பெட்டையிடமே அடை வைத்து அந்த அம்மாள் மறுபடி ஆரம்பித்திருந்தார். இப்போது பதினாறு கோழி. பஞ்சாரத்தின்மேல் சேலை இல்லை. ஊருக்கே அவர்தான் கட்டளை: "புடிச்சு வையுங்கடி, கம்பவுண்டரு செத்த நேரந்தான் இருப்பாரு." பயந்து நின்ற ஒரு புதுப் பெண்ணிடம், நான் சொல்லவேண்டியதை என்னைவிடத் தெளிவாக அவரே சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசிமேல் வந்த நம்பிக்கை எல்லை தாண்டிவிட்டது. முட்டையிடாத கிழட்டுக் கோழிக்கு ஒன்று, பால் வற்றிய ஆட்டுக்கு ஒன்று என்று கேட்டார். இது கழிச்சலை மட்டும்தான் தடுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே, வேட்டியை மடித்துக்கட்டி வெளியே கிளம்பிய தன் புருஷனைக் காட்டினார்.

"இவரும் காலையில மேயப் போனா அடையுற நேரத்துக்கு வாரதில்ல. ரெக்கைக்குக் கீழ ஒண்ணு போட்டு விடுங்க தம்பி, பாப்போம்."

இத்தனை வருஷத்தில் ராவுத்தர் மாறினார், பேச்சியம்மாள் மாறினார், நானும் மாறினேன். என்னைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளாதவை, என் சைக்கிளைக் கண்டதும் கூச்சலிட்டு ஓடும் அந்தக் கோழிகள்தான்.