கதவுக்கு அடியில் நெத்திலி

போன வருஷம் வைகாசி மாசம். மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு சாந்தோமில் சொந்த பிளாட்டுக்கு வந்து மூணு வாரம்கூட ஆகலை. சொந்த பிளாட்னா புதுசு இல்லை, என்னைவிட வயசான கட்டடம். இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தா கடல் காத்து கேட்காமலே உள்ளே வந்து குடித்தனம் பண்ணும்.

முன்னாடி இருந்தவங்க எல்லாக் கதவுக்கும் ஆஸ்பத்திரிப் பச்சையில் பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க. ஒரு நாள் சும்மா ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே தேக்கு. அவ்வளவுதான், எனக்குப் பித்து பிடிச்சிடுச்சு. ஆள் வெச்சு செஞ்சுக்கலாம்னார் என் கணவர். நானே பண்றேன்னேன். அவர் சிரிச்சார். சிரிக்காம இருந்திருந்தா ஒருவேளை விட்டிருப்பேன். வீடியோ பார்த்து, ஒரு பழைய நாற்காலியைத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சேன். நிஜமாவே நல்லா வந்துச்சு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பாத சொந்தக்காரங்க கிடையாது. அந்தத் தலைக்கனத்தோட அடுத்தது படுக்கையறைக் கதவுன்னு இறங்கினேன்.

இங்கே ஒண்ணு சொல்லணும். ஹார்டுவேர் கடையில், பெயின்ட், வார்னிஷில் கலக்கிற டர்பன்டைன் கேட்டா, காலி பாட்டில் கொண்டு வாங்கம்மான்னு சொல்லி சில்லறையா ஊத்தித் தருவாங்க. நான் கொண்டு போனது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். டர்பன்டைன் நிறமும் தண்ணி மாதிரியேதான். வாசனை தூக்குதே, யார் ஏமாறப் போறாங்கன்னு நினைச்சேன். வீட்டில் ரெண்டே கால் வயசுப் பொண்ணு இருக்கு. பாட்டிலைத் தானே தூக்கித் தண்ணி குடிக்க அப்பதான் கத்துக்கிட்டு, அதில் அவளுக்கு ஏகப் பெருமை. இது ரெண்டும் என் மரமண்டையில் சேர்ந்து ஏறலை.

அன்னிக்குக் காலையில் கணவர் தரமணி ஆபீசுக்குப் போனதும் வேலையை ஆரம்பிச்சேன். கதவின் ரெண்டு பக்கமும் இருந்த பித்தளைக் கைப்பிடிகளைக் கழட்டினேன். ரெண்டு கைப்பிடியையும் இணைக்கிற சதுரக் கம்பி ஒண்ணு பூட்டுக்கு நடுவே போகும். அதையும் உருவி, அறைக்குள்ளே விரிச்சிருந்த பேப்பரில் வெச்சேன். ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், டர்பன்டைன் பாட்டில், வீடியோ ஓடிட்டிருந்த போன் எல்லாமே அந்தப் பேப்பர் மேலதான். நாத்தம் போகட்டும்னு ஜன்னல் ரெண்டையும் திறந்து விட்டிருந்தேன். பாப்பா கட்டில் மேல பொம்மையோட இருந்தா. பதினொன்றரை மணி இருக்கும். குக்கர் நாலாவது விசில் அடிச்சுது. அடுப்பை அணைக்க ஓடினேன். அரை நிமிஷம்தான்.

எனக்குப் பின்னாடி படுக்கையறைக் கதவு காத்தில் படார்னு சாத்திக்கிட்டது.

மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. போய்த் தள்ளினேன். அசையலை. பூட்டின் நாக்கு நிலைக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கு, திருப்பறதுக்குக் கைப்பிடியும் இல்லை, கம்பியும் இல்லை. எல்லாம் உள்ளே. கம்பி இருந்த சதுர ஓட்டையில் கண்ணை வெச்சுப் பார்த்தேன். பாப்பா கட்டிலை விட்டு இறங்கி ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தா. ரெண்டு கையிலும் அந்த பாட்டில். மூடியை நான் திருகாம சும்மா மேலே வெச்சிருந்தேன். அந்த மூடி இப்போ பாட்டில் மேல இல்லை.

"பாப்பா, வேண்டாம், அதைத் தொடாதே, கீழே போடு"ன்னு கதவை அடிச்சுக் கத்தினேன். எந்தப் பொருளை வேண்டாம்னு சொன்னாலும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடறது அவ வழக்கம். அதையேதான் செஞ்சா. பாட்டிலை மார்போட அணைச்சுக்கிட்டு மூலைக்கு ஓடிட்டா. ஓட்டை வழியா இப்போ வெறும் ஜன்னல்தான் தெரிஞ்சுது. போனில் அந்த வீடியோக்காரர் மட்டும் சந்தோஷமா வார்னிஷ் அடிக்கிற விதத்தை விளக்கிட்டிருந்தார்.

சமையலறைக்கு ஓடி கத்தி, கரண்டிக் காம்பு, கத்தரிக்கோல்னு கையில் கிடைச்சதை எல்லாம் ஓட்டையில் விட்டுத் திருப்பினேன். கத்தி வளைஞ்சுது. கரண்டி உள்ளேயே போகலை. வாசல் கதவைத் திறந்து யாராவது வாங்களேன்னு அலறினேன். எதிர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வெச்சிருந்த மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. எதிர் வீட்டு அக்கா விஷயம் கேட்டதும் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வரேன்னு கீழே ஓடினாங்க.

மறைக்காம சொல்றேன். எங்க வீட்டில் மீன் கிடையாது. அந்தம்மா கூடையோட மாடி ஏறினாலே நான் வாசல் கதவைச் சாத்திடுவேன். பாப்பாதான் தினமும் மீன் பார்க்கணும்னு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவா. அவங்களும் அதைப் பார்த்திருக்காங்க. அப்படி இருந்தும் கேட்காமலே உள்ளே வந்தாங்க.

"கொயந்த கையில இன்னா கீது?"

சொன்னேன். மறுபடியும் கத்த வாயைத் திறந்தேன். அவங்க என் தோளைப் பிடிச்சு அழுத்திக் கீழே உட்கார வெச்சாங்க.

"கத்தாத. கத்துனா பயந்துகினு வாய்ல வெச்சிகும். நீ கம்னு இரு."

கூடையிலிருந்து ஒரு கை நெத்திலியை எடுத்துக்கிட்டு வந்து, கதவுக்கு முன்னாடி தரையில் குப்புறப் படுத்தாங்க. கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையற இடைவெளி. ஒரு நெத்திலியைப் பாதி உள்ளே தள்ளி ஆட்டினாங்க. குரலைக் கேட்டா ஏதோ சாயங்காலம் பீச்சில் பேசிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு.

"பாப்பா, மீனு வந்துகீது பாரு. கண்ணு, வா."

சத்தமே இல்லை. குடிச்சிட்டாளோ, அதான் சத்தம் இல்லையோ. புடவைத் தலைப்பை வாயில் திணிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குட்டிக் கால் நடந்து வர்ற சத்தம். நெத்திலி உள்பக்கம் இழுபட்டு மறைஞ்சுது. பாப்பா சிரிச்சா.

"இன்னொண்ணு வோணுமா? அந்த பாட்டுல கீழ வெச்சிட்டு வா, தரேன்."

தொப்புன்னு ஏதோ விழுந்துச்சு. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியிலிருந்து டர்பன்டைன் கசிஞ்சு வந்துச்சு. மூக்கைத் துளைக்கிற அந்த நாத்தம் எனக்கு அப்போ எவ்வளவு நிம்மதியா இருந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தரையில் ஓடுதே, அவ வாய்க்குள்ளே போகலையே. ஆனா அதுக்கு முன்னாடி எவ்வளவு போச்சோ, யாருக்குத் தெரியும்?

கதவைத் திறக்கிற கம்பி உள்ளே பேப்பர் மேல கிடக்குன்னு அவங்க காதில் சொன்னேன். அதுக்கப்புறம் அந்தம்மா ஒரு பேரமே நடத்தினாங்க. அங்கே கீழே இருக்கிற இரும்புக் குச்சியைக் கொடுத்தா மீன். பாப்பா மொதல்ல ஒரு உப்புத்தாளைத் தள்ளினா. "இது வாணாம் போ, குச்சி குடு." அடுத்து ஒரு ஸ்க்ரூ வந்துச்சு. அதுக்கும் ஒரு மீன் கொடுத்து உற்சாகப்படுத்தினாங்க. அப்புறம் ஒரு பென்சில். நாலாவதா அந்தச் சதுரக் கம்பி, டர்பன்டைனில் நனைஞ்சு, மெதுவா வெளியே வந்துச்சு. அதை ஓட்டையில் சொருகி, சமையலறை இடுக்கியால் பிடிச்சுத் திருப்பினேன். கதவு திறந்துச்சு.

பாப்பா பாவாடையெல்லாம் நனைஞ்சு, ரெண்டு கையிலும் நெத்திலியோட உட்கார்ந்திருந்தா. நான் அவளைக் கட்டிக்கிட்டு அழறதைத் தவிர ஒண்ணுக்கும் உதவலை. அந்தம்மாதான் அவ வாயைத் திறந்து மோந்து பார்த்தாங்க. வாசனை இல்லைன்னாங்க. துணியைக் கழட்டி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாங்க. வாட்ச்மேன் கடப்பாரையோட வந்து சேர்ந்தார், அவரையே ஆட்டோ பிடிக்க அனுப்பினாங்க. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வெச்சுப் பார்த்துட்டு, உள்ளே எதுவும் போகலை, பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொன்னார். சொன்ன கையோட ஒரு திட்டும் திட்டினார். வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் அந்தம்மாவுக்காக வாசலிலேயே காத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சுக் காப்பி கொடுத்தேன். அவ்வளவு பதட்டத்தில் கத்தக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேட்டேன்.

அவங்க டம்ளரைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "என் பெரியவன் இப்டிதான் மண்ணெண்ணெ பாட்டுல தூக்கினான். நான் கத்துனேன். பயந்துகினு மடக் மடக்குனு குட்ச்சிட்டான்."

இப்போ எப்படி இருக்கார்னு நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்.

"இருந்தா இப்ப இருவத்தாறு"ன்னு சொல்லிட்டு எழுந்து கூடையைத் தூக்கிக்கிட்டாங்க.

கூடையை ஒரு பக்கம் பிடிச்சுத் தலையில் ஏத்தி விட்டேன், அதுதான் என்னால முடிஞ்சுது. படியிறங்கும்போது அவங்க திரும்பி பாப்பாவுக்குக் கையாட்டினாங்க. முந்தின நாள் அந்தக் கதவு முன்னாடி அவங்க குப்புறப் படுத்துக் கூப்பிட்டப்போ அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது யாருன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

இன்னிக்கும் பாப்பா எடுக்கக் கூடாததை எடுத்துக்கிட்டு ஓடும்போது எனக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வரும். அதை முழுங்கிட்டு, தரையில் உட்கார்ந்து, அந்தம்மாவுக்கு அவங்க பையன் பாட்டிலைத் தூக்கின அன்னிக்கு யாரும் சொல்லித் தராத அந்த மெதுவான குரலில், வா கண்ணுன்னு கூப்பிடறேன்.